ட்ரினோ கோடுக்குள் கை வைத்தவர்கள் சொல்லுங்கள்

பல இடங்களில் கிடக்கும் டேட்டாவை ஒரே எஸ்க்யூஎல் க்வெரியில் கேட்க உதவும் இன்ஜின்தான் ட்ரினோ. அதில் தினமும் க்வெரி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அதன் சோர்ஸை இறக்கி பில்ட் செய்து பார்த்தவர்கள் யாராவது உண்டா? முதலில் என் கதை.

எங்கள் ஆர்டர் விவரம் மைஎஸ்க்யூஎல்லில், பழைய லாக் எல்லாம் அமேசானின் எஸ்3 ஸ்டோரேஜில் பார்க்கே ஃபார்மேட் ஃபைல்களாக. இரண்டையும் ஒரே க்வெரியில் ஜாயின் செய்யத்தான் ட்ரினோ வைத்தோம். அதில் ஒன்று மட்டும் அநியாயத்துக்கு மெதுவாக ஓடியது. க்வெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளைன் போட்டால், ஊர்ப் பெயரில் வைத்த ஃபில்டர் மைஎஸ்க்யூஎல்லுக்குப் போகவே இல்லை. டேபிள் மொத்தமும் ட்ரினோவின் வொர்க்கருக்கு வந்து, அங்கே வைத்து வடிகட்டுகிறது. ஐடி, தேதி எல்லாம் ஒழுங்காகக் கீழே போகிறது. எழுத்தாக இருக்கிற நெடுவரிசை (column) மட்டும் போவதில்லை.

இதைச் சரிசெய்து அனுப்பிவிடலாம் என்றுதான் ட்ரினோவை மைஎஸ்க்யூஎல்லோடு இணைக்கும் கனெக்டர் கோடைத் திறந்தேன். பார்த்தால், வேண்டுமென்றே அடைத்து வைத்திருக்கிறார்கள். மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான கொலேஷனில் (எழுத்துகளை ஒப்பிடும் விதியில்) ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. ட்ரினோவுக்கு இரண்டும் வேறு. ஃபில்டர் எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்து விடை மாறினால் அந்த இன்ஜினை யார் நம்புவார்கள்? மெதுவாக ஓடினாலும் சரியாக இருக்கட்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

இப்போதைக்கு 'க்வெரி' என்கிற டேபிள் ஃபங்ஷனை வைத்து ஓட்டுகிறோம். அதற்குள் எழுதுவது அப்படியே மைஎஸ்க்யூஎல்லுக்குப் போய்விடும்.

*

அண்ணே, சமம் என்கிற ஃபில்டரை மட்டும் கீழே அனுப்பினால் தப்பு வராதே? மைஎஸ்க்யூஎல் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பித் தரும். ட்ரினோ இன்னொரு தடவை சோதித்துக் கழித்துவிடும். 'சமமில்லை' என்பதில்தான் வம்பு. அங்கே மைஎஸ்க்யூஎல் விட்டுவிட்ட வரிசையை மேலே யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

எனக்குக் கிடைத்தது வேறு தலைவலி. முன்பு இருந்தவர் எழுதிவிட்டுப் போன சொந்தக் கனெக்டர், பிரெஸ்டோ காலத்தது. 2012-இல் ஃபேஸ்புக்கில் ஹைவ் என்கிற க்வெரி டூல் மெதுவாக இருக்கிறது என்று தொடங்கியது பிரெஸ்டோ. 2013-இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. அதை எழுதியவர்களே பிறகு வெளியே வந்து தனியாக நடத்திய கிளைதான் 2020 டிசம்பரில் ட்ரினோ என்று பெயர் மாறியது. பெயரோடு ஜாவா பேக்கேஜும் மாறியதால் இம்போர்ட் வரி அத்தனையும் சிவப்பு. அது ஒரு மதியத்து வேலை, விடுங்கள்.

அப்புறம்தான் அசல் பிரச்சினை. க்வெரி ஓடவே தொடங்காமல் பிளானிங்கிலேயே நின்று, ஆப்டிமைசருக்கு நேரம் முடிந்துவிட்டது என்று எரர். ஃபில்டரை ஏற்றுக்கொள்ளும் மெத்தட் இருக்கிறதல்லவா, அதைப் பிளானர் ஒரு தடவை கேட்டுவிட்டு விடுவதில்லை. கனெக்டர் "புதிதாக ஒன்று ஏற்றுக்கொண்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பக் கேட்கும். இந்தக் கனெக்டரோ அதே ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் புதிது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மாமியார் வீட்டு விருந்தில் போதும் என்று சொல்லத் தெரியாத மாப்பிள்ளை போல. பழையதோடு ஒப்பிட்டு, மாற்றம் இல்லையென்றால் காலி ஆப்ஷனல் (புதிதாக ஒன்றும் இல்லை என்று பொருள்) திருப்பு என்று சில வரி சேர்த்ததும் தீர்ந்தது.

*

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. டெஸ்டோடு மொத்தத்தையும் லேப்டாப்பில் பில்ட் செய்யாதீர்கள், ஃபேன் அலறும். டெஸ்டைத் தவிர்த்து ஒரு தடவை மேவன் என்கிற பில்ட் டூலை ஓட்டிவிட்டு, பிறகு தொடுகிற மாட்யூலை மட்டும் பில்ட் செய்யுங்கள். ஜாவா வெர்ஷனை ரீட்மீயில் பார்த்துப் போடுங்கள், சட்சட்டென்று ஏற்றிவிடுகிறார்கள்.

கிளஸ்டரும் வேண்டாம். பெரும்பாலான கனெக்டர்களின் டெஸ்ட் ஃபோல்டரில் க்வெரிரன்னர் என்று முடியும் ஒரு கிளாஸ் இருக்கும். அதை ஐடிஇ-இல் ஓட்டினால் கோஆர்டினேட்டர், வொர்க்கர் எல்லாம் ஒரே ஜாவா ப்ராசஸில் (ஜேவிஎம்) எழுந்துவிடும். பிரேக்பாயின்ட் வைத்துப் படிக்க அதைவிட வசதி இல்லை. டேட்டாபேஸ் கனெக்டர் என்றால் டாக்கர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

புல் ரெக்வஸ்ட் அனுப்புவதற்கு முன்பே சிஎல்ஏ (பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம்) கையெழுத்தை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எனக்கு ரிவ்யூவை விட அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.