தேசிக் கன்றின் துளிரில் வெள்ளிக் கோடு, மருந்தடித்தும் போகவில்லை

கிணற்றடி:
கோப்பாயில் வீடு. தேசிக் கன்று வைத்து இரண்டு வருடம். மழைக்குப் பிறகு நன்றாகத் துளிர்த்தது. இப்போது துளிரெல்லாம் நத்தை ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளிக் கோடு. இலையும் சுருளுகிறது. கடையில் தந்த மருந்தை இரண்டு தரம் அடித்தேன், பலனில்லை. தறித்துவிடு என்கிறார் அம்மா.

வளவுக்காரன்:
வைரஸ்தான். பிடுங்கி எரியுங்கோ.

செம்மண்:
பொறுங்கோ தம்பி. ஒரு இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கோ. கோட்டின் நடுவில் கறுப்பு நூல் மாதிரித் தெரிகிறதா?

கிணற்றடி:
ஓம் அண்ணை, தெரிகிறது! கோடு முடியும் இடத்தில் குறுணி அரிசியிலும் சின்னதாய் ஒரு மஞ்சள் புழு.

செம்மண்:
அப்ப வைரஸ் இல்லை, இலைச்சுரங்கப் பூச்சி. கறுப்பு நூல் அதன் எச்சம். தாய் ஒரு வெள்ளி நிற அந்து. இறக்கை விரித்தாலும் அரைச் சென்ரிமீற்றர்தான் வரும், இறக்கை நுனியில் ஒரு கரும்புள்ளி. முட்டை இடுவது இளந்துளிரில் மட்டும். முற்றிய இலையைத் தொடாது. புழு இலைத் தோலுக்கு அடியிலேயே இருந்து சாற்றைக் குடிக்கும், பிறகு இலை விளிம்பை மடித்துக் கூட்டுப்புழுவாகும். மேலே அடித்த மருந்து அதற்கு எங்கே படும்? அதைத் தின்னும் குட்டிக் குளவிகள்தான் செத்திருக்கும்.

கல்கத்தாப் பக்கத்திலிருந்து போன இந்த அந்துக்குத்தான் 1856 இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் பெயர் வைத்தார். 1993 இல் புளோரிடாத் தோட்டங்களுக்கும் போய்விட்டது. உங்கள் கிணற்றடிக்கு வந்ததில் என்ன புதுமை!

இலையைக் கிள்ளாதீங்கோ, கிள்ளினால் புதுத்துளிர் வரும், அதிலும் முட்டை இடும். யூரியாவையும் நிறுத்துங்கோ. அடுத்த துளிர் கிளம்பும்போது, லீற்றருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடித்து, பின்னேரம் தெளியுங்கோ. சுரங்கம் போன இலையில் சொறி நோய் தொற்றுவது சுலபம், அதை மட்டும் கவனியுங்கோ.

வில்வமரத்தடி:
எங்கள் வில்வத்திலும் இதே கோடு. தக்காளியிலும் இருக்கிறது. எல்லாம் இதுதானா?

செம்மண்:
வில்வத்தில் இதுவாக இருக்கலாம் அக்கா. தேசி, தோடை, நாரத்தை, வில்வம் எல்லாம் ஒரே குடும்பம். தக்காளியில் இருப்பது ஒரு சின்ன ஈயின் புழு, அது வேறு கதை.

கிணற்றடி:
நன்றி அண்ணை. அம்மா கத்தியை உள்ளே வைத்துவிட்டார். வேப்பங்கொட்டை பொறுக்கப் போகிறேன்.