எழுத உட்கார்ந்தால் மின்கட்டணம்தான் நினைவுக்கு வருகிறது

பாதிக்கதை:
வேலை முடிந்து வந்தபின் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில்தான் கதை எழுதுகிறேன். உட்கார்ந்ததும் முதல் வரி வராது. மின்கட்டணம், பல் வலி, நண்பனுக்குத் திருப்பித் தராத புத்தகம் எல்லாம் வரிசை கட்டி வரும். பட்டியல் போட்டுப் பார்த்தேன். பட்டியலே கூடக் கொஞ்சம் மிரட்டியது.

பாதியில் நிற்கும் வேலைதான் மனதில் அதிகம் தங்குகிறது என்று 1927-லேயே ஸைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதியிருக்கிறார். எனக்கு உதவியது 2011-இல் மசிகாம்போவும் பௌமைஸ்டரும் வெளியிட்ட ஆய்வு. வேலையை முடிக்கக்கூட வேண்டாமாம். எப்போது, எப்படிச் செய்வது என்று முடிவெடுத்தாலே மனம் அதை விட்டுவிடுகிறதாம். இப்போது ‘பல் மருத்துவர்’ என்று மட்டும் எழுதுவதில்லை. ‘வியாழன், மதிய இடைவேளை, போன்’ என்று எழுதுகிறேன். ஐந்து நிமிட வேலைதான். அன்றிரவு ஒன்றரைப் பக்கம் ஓடியது.

மைக்கறை:
நான் மறுகோடி. படம் வரைகிறவள். மைப்புட்டிகளை நிறவாரியாக அடுக்கினேன், பேனா முனைகளுக்குத் தனித்தனி டப்பா, கணினியில் கோப்புறைக்குள் கோப்புறை. மூன்று வாரம் ஒரு கோடு கூட இழுக்கவில்லை! ஒழுங்குபடுத்துவதும் ஒரு வகைச் சோம்பேறித்தனம்தான், பார்க்க உழைப்பு மாதிரி இருக்கும்.

அப்புறம் 2013-இல் வந்த ஒரு ஆய்வைப் படித்தேன். டேபிள் டென்னிஸ் பந்துக்குப் புதுப் பயன் யோசிக்கச் சொன்னபோது, கலைந்த அறையில் இருந்தவர்கள் சொன்னவைதான் புதுமையாக இருந்தனவாம். அதைச் சாக்காக வைத்து எல்லாவற்றையும் அப்படியே போட்டேன். அதுவும் சரிப்படவில்லை, பாதி நேரம் தேடலிலேயே போயிற்று.

இப்போது மேசை கலைந்தேதான் கிடக்கிறது. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு செருப்புப் பெட்டி. அதற்கான கிறுக்கல், கத்தரித்த படம், துண்டுச்சீட்டு எல்லாம் அதற்குள். எழுந்திருக்கும் முன் ஒரு முகத்தில் ஒரு கண்ணை மட்டும் வரைந்து மேலே வைத்துவிடுவேன். மறுநாள் இன்னொரு கண்ணை வரையக் கை தானாகப் போகும்.

பாதிக்கதை:
பெட்டி யோசனையைத் திருடிக்கொண்டேன். கதைக்காகச் சேர்த்தவற்றை உள்ளே போடும்போது அந்தப் புத்தகமும் அகப்பட்டது. திருப்பித் தர இன்னும் கிழமை குறிக்கவில்லை, பாதிதான் படித்திருக்கிறேன்.