ஸ்காபரோவில் 40,000 சதுர அடிக் கிட்டங்கி: எந்த வெப்பமூட்டும் முறையைத் தெரிவு செய்வது?

அரிசிமூட்டை:

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு எடுத்து நடத்தும் உணவுப்பொருள் கிட்டங்கிக்கு, அடுத்த குளிர்காலம் தொடங்குவதற்குள் புதிய வெப்பமூட்டும் ஏற்பாடு ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். தளம் 40,000 சதுர அடி. கூரை 28 அடி உயரம். வடக்குச் சுவரில் லொறிகளில் சரக்கு ஏற்றி இறக்கும் எட்டு டாக் கதவுகள். அரிசி மூட்டைகள், தேங்காய்ப்பால் பேணிகள், கண்ணாடிப் போத்தல்களில் ஊறுகாய், நெய் ஆகியவற்றை 22 அடி வரை ராக்குகளில் அடுக்கி வைத்திருக்கிறோம்.

கூரையிலிருந்து தொங்கும் ஆறு எரிவாயு யூனிட் ஹீட்டர்கள் கட்டடத்தோடு வந்தவை. ஒவ்வொன்றும் மணிக்கு 2,00,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிக்கக்கூடியது. கடந்த தை மாதம் அவற்றில் இரண்டின் வெப்பப் பரிமாற்றிகளில் (எரியும் புகையை உள்காற்றிலிருந்து பிரித்து வைக்கும் உலோகச் சுவர்) விரிசல் கண்டதால் நிறுத்திவிட்டோம். அதன் பின்னர் குளிர் தணியும் வரை வடக்குப் பக்கத்தில் வேலை செய்தவர்கள் தங்கள் மேலங்கிகளைக் கழற்றவே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னமும் சங்கடமாக இருக்கிறது.

மூன்று விலைமனுக்கள் வந்துள்ளன. முதலாவது, பழையவற்றைப் போன்றே புதிய யூனிட் ஹீட்டர்கள். இரண்டாவது, எரிவாயுவில் இயங்கிக் கதிர்வெப்பம் வீசும் ரேடியன்ட் குழாய்கள். மூன்றாவது, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவரும், கூரைமேல் வைக்கும் ஹீட் பம்புகள். ஒவ்வொருவரும் மற்ற இருவரின் முறையும் பிழை என்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. உள்ளே 15 பாகை இருந்தால் பொருட்களுக்குப் போதும்.

நீலச்சுடர்:

ஒன்ராறியோ மாகாணத்தில், எரிவாயு வேலைக்கான ஜி1 உரிமத்துடன் பல ஆண்டுகளாகக் கிட்டங்கிகளுக்கு எரிவாயு வேலை செய்து வருகிறேன். உங்கள் கட்டடத்துக்கு ரேடியன்ட் குழாய்தான் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

யூனிட் ஹீட்டர் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே போய்க் கூரையடியில் தங்கிவிடுகிறது. கீழே தளத்தில் நிற்கிற மனிதருக்கு அதில் மிச்சம்தான் கிடைக்கிறது. ஒரு டாக் கதவு பத்து நிமிடம் திறந்து கிடந்தால், காசு கொடுத்துச் சூடாக்கிய அந்தக் காற்றும் வெளியே போய்விடும். ரேடியன்ட் குழாயோ வெயிலைப் போல நேரடியாகத் தளத்தையும் பொருட்களையும் மனிதரையும் சூடாக்குகிறது. கதவைத் திறந்து மூடிய பின்னரும் கொங்கிறீற்றுத் தளம் வெப்பத்தைப் பிடித்து வைத்திருப்பதால் அந்த இடம் விரைவில் பழைய நிலைக்கு வரும். தெர்மோஸ்டாட்டை இரண்டு மூன்று பாகை குறைத்து வைத்தாலும் உடல் அதே இதத்தை உணரும்.

யாராவது புகைபோக்கி இல்லாத நேரடி எரிப்பு ஹீட்டர்களை மலிவு என்று சொல்லி விற்க வந்தால், அரிசி வைத்திருக்கும் இடத்தில் அதை ஏற்காதீர்கள். ஒரு கனமீற்றர் எரிவாயு எரியும்போது ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் நீர் ஆவியாக வெளிவருகிறது. அந்த ஈரம் முழுவதும் உள்ளேயே விடப்பட்டு, குளிர்ந்த பேணிகளிலும் கூரைத் தகட்டிலும் வியர்வையாகப் படியும்.

ஹீட் பம்பைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். வெளியே −20 பாகை இருக்கும் இரவில்தான் உங்களுக்கு வெப்பம் அதிகமாகத் தேவைப்படும். அது மிகக் குறைவாகத் தருவதும் அந்த இரவில்தான்.

தெற்குச்சாளரம்:

நான் கட்டடங்களின் வெப்பக் கணக்குப் பார்க்கும் பொறியாளர். எந்த இயந்திரம் என்று கேட்பதற்கு முன்னர் எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று கேட்க வேண்டும்; மூன்று விலைமனுக்களிலும் அந்தக் கணக்கு இருந்ததா என்பதை அரிசிமூட்டை சொல்லவில்லை. ஆகவே கைக்கணக்காக நானே போட்டுப் பார்த்தேன்.

ஸ்காபரோவுக்குக் கட்டட விதிகள் தரும் குளிர்கால வடிவமைப்பு வெப்பநிலை −20 பாகை. உள்ளே 15 என்றால் வேறுபாடு 35 பாகை. கூரையின் வெப்பக் காப்பு பழைய ஆர்-12 தரத்தில் (ஆர் எண் கூடினால் காப்பும் கூடும்) இருப்பதாக எடுத்துக்கொண்டால் கூரை வழியாக ஏறத்தாழ 62 கிலோவாட், சுவர்களின் வழியாக 48, தளத்தின் ஓரங்களிலும் கதவுப் பலகைகளிலும் சேர்த்து 12 கிலோவாட் வெளியேறும். கட்டடத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 31,500 கனமீற்றர். மணிக்கு அதில் பாதியளவு காற்று கதவுகளாலும் இடுக்குகளாலும் மாறினால், அதைச் சூடாக்க மட்டும் 182 கிலோவாட் வேண்டும். மொத்தம் சுமார் 300 கிலோவாட், அதாவது மணிக்குப் பத்து லட்சம் பி.டி.யூ.வுக்குச் சற்று மேல். இதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு காற்றுக் கசிவால் மட்டுமே வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

டாக் கதவுகளைச் சுற்றியுள்ள மெத்தைகளைப் புதுப்பித்து, தளத்தையும் லொறியையும் இணைக்கும் லெவலர் தட்டுகளின் ஓரங்களை அடைத்து, லொறி பின்னால் வந்து ஒட்டி நின்ற பிறகே கதவு திறக்கும்படி செய்தால், அந்தக் கசிவைப் பாதியாகக் குறைப்பது கடினமல்ல. அப்போது தேவை 210 கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நான்கு ஹீட்டர்களின் வெளியீடு, 80 விழுக்காட்டுத் திறனில், ஏறத்தாழ 187 கிலோவாட். கதவுகளைச் சரிசெய்தாலே பழைய நான்கும் கிட்டத்தட்டப் போதுமாக இருந்திருக்கும்!

நீலச்சுடர் சொன்ன −20 பாகை இரவுகள் ஒரு குளிர்காலத்தில் மிகச் சில. வெளியே −5 பாகை இருக்கும் சாதாரண நாளில் கதவுகள் சரிசெய்யப்பட்ட இந்தக் கட்டடத்துக்கு 120 கிலோவாட் போதும்; அதைக் குளிர்நாட்டு ஹீட் பம்ப் ஒன்று சுமார் 48 கிலோவாட் மின்சாரத்தில் தந்துவிடும். கடுங்குளிர் நாட்களுக்கு மட்டும் எரிவாயுவை வைத்துக்கொள்ளலாம். ஒரு கனமீற்றர் எரிவாயு சுமார் 1.9 கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது. ஒன்ராறியோவின் மின்சாரமோ பெரும்பாலும் அணுவிலிருந்தும் நீரிலிருந்தும் வருகிறது, நிலக்கரியை 2014 இலேயே விட்டுவிட்டார்கள். நம் பிள்ளைகள் வாழப்போகும் மாகாணம் இது. அதை வைத்துப் பேசுவது வியாபாரப் பேச்சு ஆகாது என்று யாரும் சொல்லக்கூடாது.

நீலச்சுடர்:

கதவைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மின்கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். இத்தகைய கட்டடங்களில் பெரும்பாலும் 600 வோல்ட், 200 ஆம்பியர் இணைப்புத்தான் இருக்கும். தொடர்ந்து ஓடும் சுமைக்கு அதில் 80 விழுக்காடுதான் பயன்படுத்தலாம் என்றால் 166 கிலோவாட் அளவில் நின்றுவிடும். அதிலேயே விளக்குகளும் ஃபோர்க்லிஃப்ட் மின்கல மின்னேற்றிகளும் ஓட வேண்டும். மேலும் 50 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வாடிக்கையாளருக்கு மாதத்தின் உச்சத் தேவைக்கும் தனியாகக் கட்டணம் உண்டு. ஒரே ஒரு குளிர்ந்த காலை அந்த மாதத்து பில்லை உயர்த்திவிடும்.

எரிவாயு மீதான கார்பன் கட்டணம், கனமீற்றருக்கு 15.25 சதமாக இருந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. வாடகைக்காரர் ஒருவர் ஏழு ஆண்டுக் கணக்கில் இதையும் பார்க்கத்தானே வேண்டும்?

இரவுப்பணி:

நான் பொறியாளரும் அல்ல, எரிவாயு வேலை செய்பவரும் அல்ல. பிராம்ப்டனில் ஒரு கிட்டங்கியில் பதினொரு ஆண்டுகளாக இரவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். நீங்கள் பேசும் இயந்திரங்களின் கீழே எட்டு மணிநேரம் இருப்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் இடத்தில் ரேடியன்ட் குழாய்களைப் போட்டார்கள். டாக் பக்கத்தில் அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. கதவு திறந்திருந்தாலும் முதுகில் வெயில் படுவதைப் போன்றிருக்கும். ஆனால் ராக்குகளுக்கு இடையிலான ஒடுங்கிய வழிகளில் அந்த வெயில் விழுவதில்லை. 22 அடி உயர அடுக்குகள் நிழல் போடுகின்றன. மேல்தட்டுப் பெட்டிகள் சூடாகின்றன, கீழே ஆள் குளிரில் நிற்கிறார். தவிர, மேல்தட்டில் பெட்டிகளை உயர்த்தி அடுக்கி, குழாயிலிருந்து இருக்க வேண்டிய இடைவெளியை மீறிவிட்டார்கள். அட்டையின் மேற்பகுதி பழுப்பாக மாறியிருந்ததை நானே கண்டு சொன்னேன். நல்லவேளையாக அத்துடன் முடிந்தது.

இன்னொன்று. 15 பாகை பொருட்களுக்குப் போதும் என்று அரிசிமூட்டை அண்ணா எழுதியிருக்கிறார். உள்ளே வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள் அல்லவா? ஒன்ராறியோவின் 851 ஆம் ஒழுங்குவிதி, 129 ஆம் பிரிவு, மூடிய வேலைத்தளத்தில் 18 பாகைக்குக் குறையக்கூடாது என்கிறது. கதவுகளை அடிக்கடி திறக்க வேண்டியிருப்பதால் அந்த வெப்பநிலையைப் பேண முடியாத இடங்களுக்கும், கதிர்வெப்பம் அதே அளவு இதத்தைத் தரும் இடங்களுக்கும் விலக்கு உண்டு என்பது தெரியும். ஆனால் விலக்கைத் தேடிப் போவதற்கு முன்னர் விதியைப் படிக்க வேண்டும். விரிசல் விழுந்த வெப்பப் பரிமாற்றியால் கார்பன் மோனொக்சைட் என்ற நச்சு வாயுவும் வரக்கூடும். தலைவலியைக் களைப்பு என்று நினைத்துப் பல நாட்கள் வேலை செய்த அனுபவம் எனக்கு உண்டு. எந்த முறையைப் போட்டாலும் உணரிகளைத் தயவுசெய்து மறக்காதீர்கள்.

தெற்குச்சாளரம்:

இரவுப்பணி எழுதியது நான் எழுதியதைவிடப் பயனுள்ளது. 18 பாகைக்குக் கணக்கிட்டால் 300 கிலோவாட் 326 ஆகிவிடும். அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். ரேடியன்ட் டாக் பகுதிக்கு ஏற்றது, ராக் வழிகளுக்கு ஏற்றதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மின்சாரமா வாயுவா என்பதற்கு அரிசிமூட்டை தம் சொந்த பில்களைக் கொண்டே விடை காணலாம். ஒரு கனமீற்றர் எரிவாயுவில் சுமார் 10.3 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஒரு கிலோவாட் மணி மின்சாரத்தின் விலையை, ஒரு கிலோவாட் மணி எரிவாயுவின் விலையால் வகுத்துப் பாருங்கள். ஹீட் பம்ப் சராசரியாக இரண்டரை மடங்கு வெப்பம் தந்து, எரிவாயு ஹீட்டர் 80 விழுக்காட்டுத் திறனில் எரிந்தால், அந்த விகிதம் மூன்றுக்குச் சற்று மேல் இருக்கும்போது இரண்டும் சமம். அதற்குக் கீழே என்றால் ஹீட் பம்ப் வெல்லும். கூடவே ஒரு குளிர்ந்த இரவில் தளத்தருகிலும் கூரையடியிலும் ஒவ்வொரு வெப்பமானியைக் கட்டி வையுங்கள்.

கடல்கடந்தவன்:

தளத்துக்குள் குழாய் பதித்துச் சுடுநீர் ஓட விடுவதைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை? அதைவிட இதமானது வேறில்லை.

நீலச்சுடர்:

புதிதாகக் கட்டும்போது, தளத்தின் அடியில் காப்புப் பலகையும் போட்டுச் செய்தால் அருமையான முறை. இருக்கும் தளத்தை உடைத்துச் செய்வது வாடகைக்காரருக்குச் சாத்தியமல்ல. ராக்குகளின் கால்களைத் தளத்தில் துளையிட்டு ஆணியடிக்க வேண்டும். குழாய் எங்கே ஓடுகிறது என்ற வரைபடம் தொலைந்துபோனால் முதல் துளையிலேயே நீர் பீறிடும்.

அரிசிமூட்டை:

பங்குனி இறுதியில் ஒரு குளிர் இரவு கிடைத்தது, வெளியே −6. தளத்தருகில் 14, கூரையடியில் 23 பாகை! ஒன்பது பாகை வெப்பத்தை நாங்கள் கூரைக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். கடந்த ஓராண்டு பில்களை வகுத்ததில் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் இடையிலான விகிதம் 3.6 வந்தது. கணக்கு அக்கா சொன்ன எல்லையை அது தாண்டிவிட்டது.

ஆகவே இப்படி நினைக்கிறேன். முதலில் எட்டுக் கதவுகளும். பிறகு கூரையிலிருந்து வெப்பத்தைக் கீழே தள்ள இரண்டு பெரிய மெதுவேக மின்விசிறிகள். டாக் பகுதிக்கு மட்டும் ரேடியன்ட் குழாய்கள். அங்கே ராக் வைப்பதில்லை என்பதால் இடைவெளிச் சிக்கல் இல்லை. பின்பகுதிக்கு, புகையின் வெப்பத்தையும் மீட்கும் உயர்திறன் யூனிட் ஹீட்டர்கள். நெய்யும் இனிப்புகளும் வைக்கும் மூடிய அறைக்கு கோடையில் குளிரூட்டலும் வேண்டியிருப்பதால் அங்கே ஒரு ஹீட் பம்ப்.

தெற்குச்சாளரம்:

நான் விரும்பிய விடை இது இல்லை. 3.6 என்ற விகிதத்தில் உச்சத் தேவைக் கட்டணமும் கலந்திருக்கிறது. இரவில் மின்னேற்றிகளை ஓடவிட்டுப் பகலில் நிறுத்தினால் அது குறையும். மேலும், ஏழு ஆண்டுகளில் எரிவாயு விலை இப்படியே நிற்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. ஆனாலும் கதவுகளை முதலில் செய்வதாகச் சொல்லிவிட்டீர்கள்; அதில் எனக்கு மகிழ்ச்சி. ஒன்று மட்டும் கேட்கிறேன்: கதவும் மின்விசிறியும் முடிந்து ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து பார்த்த பின்னரே ஹீட்டர்களின் அளவை முடிவு செய்யுங்கள். அளவுக்கு மிஞ்சிய ஹீட்டர் அடிக்கடி நின்று நின்று எரிந்து, உயர்திறன் என்று வாங்கியதன் பலனையே கெடுத்துவிடும்.

நீலச்சுடர்:

இதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மாசி மாதத்தில்தான் அளக்க முடியும் என்றால் அடுத்த தை மாதத்தை எதைக் கொண்டு கடப்பது? நான்கு பழைய ஹீட்டர்களின் பரிமாற்றிகளையும் ஐப்பசிக்கு முன்னர் உரிமம் பெற்ற ஒருவரைக் கொண்டு கண்ணாடி வைத்துச் சோதிக்கச் செய்யுங்கள். தேறியவை ஒரு குளிர்காலம் ஓடட்டும். டாக் பகுதி ரேடியன்டை இப்போதே போடுங்கள். தீயணைக்க நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாயில் நீர் நிற்கிறது என்றால், அது உறையாதிருக்க எந்த மூலையும் 4 பாகைக்குக் கீழே போகக்கூடாது. ரேடியன்டுக்கு அருகில் வரும் ஸ்பிரிங்க்ளர் தலைகளை அதிக வெப்பம் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

அரிசிமூட்டை:

நல்லது அண்ணா, அப்படியே செய்கிறேன். சுவரில் புகைபோக்கிக்குத் துளையிடக் கட்டட உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். வரும் செவ்வாய்க்கிழமை அவரைச் சந்திக்கிறேன். இரவுப்பணி தம்பி, கார்பன் மோனொக்சைட் உணரிகள் நேற்றே வந்துவிட்டன. வடக்குப் பக்கத்தில் மூன்று, மின்னேற்றிகளின் பக்கம் ஒன்று மாட்டியிருக்கிறோம்.