சாமி குற்றம், சாபம், கபுர் (மண்ணறை) வேதனை: உங்களைப் பயமுறுத்திய அந்த ஒரு வார்த்தை எது?

உசிலம்பட்டி மருமகள்:
மாசி சிவராத்திரி, குலசாமிப் பெட்டியைக் கோயிலுக்கு எடுத்துப் போகும் நேரம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் போனேன். அப்படியும் பஸ்ஸிலேயே வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் ஓரமாக நின்றேன். அருள் இறங்கிய பூசாரி நேராகப் பெண்கள் பக்கம் வந்து, "சுத்தமில்லாதவள் ஒருத்தி என் எல்லைக்குள் நிற்கிறாள். அவள் நெற்றிப் பொட்டை அழிப்பேன்" என்றார். பெயர் சொல்லவில்லை. என்னைத் தவிர இன்னும் இரண்டு பேர் முகம் வெளுத்துத் தலை குனிந்ததைப் பார்த்தேன். அவர் வேல்கம்பில் குத்தியிருந்த எலுமிச்சம்பழம் என் மூக்குக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது.

சித்திரையில் கணவர் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்தது. எதிரே வந்த லாரி விளக்குப் போடவில்லை என்று போலீஸே எழுதியிருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார், "அன்றைக்கு நீதானே?" என்று மட்டும் கேட்டார். இன்றும் அவர் மகன் வண்டியை எடுத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. நான் படித்தது எம்.எஸ்ஸி. இயற்பியல்.

மருந்துக்கடைக்காரி:
எனக்கும் ஒரு வளைகாப்பு வீட்டில் இப்படி நடந்தது, அதை விடுங்கள். மாத்திரை விஷயத்தைச் சொல்கிறேன். மாதவிலக்கு வரவேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். முதல் நாள் இரவு போட்டால் நிற்காது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும், பயப்பட வேண்டாம். ஆனால் ரத்தம் உறையும் கோளாறு, கல்லீரல் நோய் இருந்தவர்கள் தொடவே கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆடியிலும் மாசியிலும் எங்கள் கடைக்கு இதற்கென்றே வருகிறார்கள். மருமகளுக்காக மாமியாரே வந்து கேட்பதும் உண்டு. டாக்டர் சீட்டு கேட்டால் கோபம் வருகிறது. பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

மூக்குத்தி:
கோயில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். இரண்டு முறை கரு தங்கவில்லை. அம்மா ஜெப வீட்டுக்கு அழைத்துப் போனார். போதகர் மைக்கிலேயே, "இந்தச் சகோதரியின் மூக்கில் மின்னுவது என்ன? அந்த விக்கிரகம்தான் கர்ப்பத்தை அடைத்திருக்கிறது" என்றார். சபை முழுக்க "அல்லேலூயா". கழற்றினேன். திருகு இறுகிப்போயிருந்ததால் ரத்தம் வந்தது. காணிக்கைப் பை அப்போதே என் முன்னால் நீட்டப்பட்டது. பிறகு ஒரு டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை செய்து தைராய்டு என்றார். மகளுக்கு இப்போது நான்கு வயது. சபையில் அவளைச் சாட்சியாகச் சொல்கிறார்களாம்.

செங்கை வாசகன்:
இவை எல்லாம் மூடநம்பிக்கை. மதம் என்ன செய்யும்? மேல்மருவத்தூரில் மாதவிலக்கு நாளிலும் பெண்கள் கருவறைக்குள் போய்ப் பூசை செய்கிறார்கள். எந்த அம்மன் யாரை அழித்தாள்? அதே சாமி, அதே எலுமிச்சம்பழம். பூசாரியைத் திட்டுங்கள், சாமியைத் திட்டாதீர்கள். அவரிடம் அங்கேயே எதிர்த்துக் கேட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உசிலம்பட்டி மருமகள்:
அண்ணா, நான் சாமியைத் திட்டவில்லை. திட்டவும் பயம். "உனக்கு ஆகாது" என்று சொல்லியிருந்தால் எதிர்த்துக் கேட்டிருப்பேன். அவருக்கு ஆகாது, பிள்ளைக்கு ஆகாது என்றுதானே சொல்கிறார்கள்? அடுத்தவர் உயிரைப் பணயம் வைத்து யார் சோதித்துப் பார்ப்பார்கள்? 2018 கஜா புயலில் பட்டுக்கோட்டைப் பக்கம், வயதுக்கு வந்தாள் என்று தனிக் குடிசையில் படுக்க வைத்திருந்த சிறுமி மீது தென்னை சாய்ந்து அவள் இறந்தாள். ஊருக்கே புயல் எச்சரிக்கை இருந்தது. அவளை அங்கே வைத்தவர்கள் பூசாரிகள் இல்லை, வீட்டார்தான்.

காயல்காற்று:
வாப்பா மௌத்தான (இறந்த) பிறகு உம்மா இத்தா இருந்தார், கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்கும் காலம் அது. நான்கு மாதம் பத்து நாள். உம்மாவுக்குச் சர்க்கரை. கால் விரலில் புண் வந்தது. வாடை அறைக்கு வெளியிலேயே தெரிந்தது. ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டேன். உம்மா எழுந்து செருப்பை மாட்டினார். பெரியம்மா கதவோரம் நின்று, "நீ படி தாண்டினால் அவருக்குக் கபுரில் வேதனை அதிகமாகும்" என்றார். உம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். ஆட்டோக்காரருக்குக் காத்திருந்த கூலி கொடுத்து அனுப்பினேன்.

கடைசியில் காய்ச்சல் வந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு விரலை எடுத்தார்கள். பள்ளிவாசல் அஸ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) போய்ச் சண்டை போட்டேன். அவர் திகைத்துவிட்டார். "வைத்தியத்துக்குப் போக மார்க்கத்தில் தடையே இல்லையே, யார் சொன்னது?" என்றார். பெரியம்மாவைக் கேட்டால் அவர் மாமியார் சொன்னதாம். அந்த மாமியார் மௌத்தாகி வெகுகாலம் ஆகிறது.

மதம் வேறு, மூடநம்பிக்கை வேறு என்று எழுதிய அண்ணனுக்கு: அஸ்ரத்தும் அதையேதான் சொன்னார். உம்மாவிடம் வந்து சொல்லுங்கள் என்று கூப்பிட்டேன். இத்தாவில் இருக்கும் பெண்ணை வந்து பார்ப்பது முறையில்லை என்று வர மறுத்துவிட்டார். திரைக்கு இந்தப் பக்கம் நின்றாவது சொல்லியிருக்கலாம்.