540 சதுர அடி மேல்மாடியில எத்தனை பேரை இருத்தலாம்?

வாவிக்கரைப் பிள்ளை (மட்டக்களப்பு):

திருமலை வீதியில ஒரு வீட்டு மேல்மாடியை மூண்டு பகுதியாச் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறம். கணக்கு வேலைக்கு நானும் இன்னும் நாலு பேரும். வீட்டுப் படம் கீறுற அண்ணாவும் அவரிட்ட வேலை செய்யிற மூண்டு பேரும். மற்றது கொழும்புக் கம்பனிக்கு இங்க இருந்தே வேலை செய்யிற பெடியங்கள் மூண்டு பேர். மொத்தம் 12.

மண்டபம் 30 அடி நீளம், 18 அடி அகலம், 10 அடி உயரம். யன்னல் ரெண்டும் மேற்குப் பக்கம். கச்சான் வீசுற மாதத்தில பின்னேரம் ரெண்டு மணிக்கு அதைத் திறக்கேலாது, நெருப்பு மாதிரி காத்து வரும்.

இப்ப அண்ணா சொல்றார், இன்னும் நாலு பேரைச் சேர்த்தா வாடகை குறையுமாம். எனக்கு மனம் ஒப்பவேயில்ல. முந்தி நான் வேலை செய்த இடத்தில என்ட கதிரைக்குப் பின்னால ஃபைல் அலுமாரி. ஆராவது அதைத் திறக்க வந்தா நான் எழும்போணும். ஒரு நாளைக்கு இருபது தரம் எழும்பியிருப்பன். பக்கத்தில இருந்த அக்கா ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி, பாத்ரூம் போறதுக்கு ரெண்டு பேரை எழுப்ப வெக்கப்பட்டுத் தண்ணி குடிக்காம இருந்தவ. என்ட இடத்தில ஒரு பிள்ளைக்கும் அப்பிடி வரக்கூடாது.

அண்ணாவுக்குக் கணக்கோட சொல்லோணும். தெரிஞ்சவங்க உதவுங்க.

கல்முனை வரைபடம்:

தங்கச்சி, மேசையும் கதிரையும் மட்டும் எண்ணினா 16 பேரும் காகிதத்தில அடங்குவாங்க. அதை நம்பாதீங்க. கதிரையை இழுத்து இருக்க மேசை விளிம்பில இருந்து 3 அடி வேணும். ஆள் இருக்கிற நேரமே பின்னால இன்னொராள் போகோணும் எண்டா 4 அடிக்கு மேல. அலுமாரிக் கதவு திறக்கிற இடமும் வேற.

பிரித்தானியாவில 1992ஆம் ஆண்டு வேலைத்தள விதிகளோட ஒரு கணக்கு இருக்கு: வெறும் அறையின்ட கனவளவை ஆள்தொகையால பிரிச்சா ஒராளுக்கு 11 கனமீற்றராவது வரோணும். 3 மீற்றருக்கு மேல உள்ள உயரத்தைச் சேர்க்கப்படாது. உங்கட மண்டபம் ஏறத்தாழ 150 கனமீற்றர். அப்ப 13 பேர்தான். அதுவும் ஆகக் குறைஞ்சது. சாமான் நிறைஞ்சு கிடந்தா அது காணாது.

சும்மா இருந்து வேலை செய்யிற ஒராளே 100 வாட் பல்ப் அளவு சூடு விடும். கொம்பியூட்டரும் சேர்ந்தா யோசிச்சுப் பாருங்க. ஏசி பூட்டினாச் சரி எண்டு சொல்லுவாங்க. சுவரில பூட்டுற சாதாரண ஏசி உள்ள காத்தைத்தான் திருப்பித் திருப்பிக் குளிராக்கும், புதுக்காத்து தராது.

ஒண்டு செய்யுங்க. ஞாயிற்றுக்கிழமை சோக்கட்டியால மேசை, கதிரை, அலுமாரி எல்லாத்தையும் நிலத்தில அசல் அளவில கீறி, அண்ணாவை நடக்கச் சொல்லுங்க. படியடியில மட்டும் அலுமாரி வைக்காதீங்க, நெருப்புப் பிடிச்சா இறங்குற வழி அதுதான்.

அக்கரைப்பற்று உம்மா:

மகள், நான் கந்தோரில முப்பது வருஷம் இருந்தவள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தை அண்ணாவுக்குக் காட்டுங்க. காத்தோட்டம், வெளிச்சம், கைகால் கழுவுற வசதி எல்லாம் முதலாளி செய்து குடுக்கோணும் எண்டு அதில இருக்கு.

சோத்துப் பார்சலை மேசையில வைச்சுத் திண்டா ஃபைலெல்லாம் எண்ணெய். ஓரமா ஒரு சின்ன மேசை விடுங்க. முஸ்லிம் பிள்ளைகள் இருந்தா லுஹருக்கு ஒரு பாய் விரிக்க இடம் வேணும், 4 அடிக்கு 2 அடி காணும். எங்களுக்கு அது தராததால சாமான் அறையில பெட்டிகளுக்கு நடுவில தொழுதம். கேட்கப் பயந்து கேட்காம விடுற பிள்ளைகள்தான் கூட. நீங்களாக் கேளுங்க.

வாவிக்கரைப் பிள்ளை:

ரெண்டு பேருக்கும் மெத்தப் பெரிய உபகாரம். நேற்றுச் சோக்கால கீறினம். 16 மேசை கீறி முடிய அண்ணாவை உள்மூலையில இருத்தி, மத்த ஆக்களையும் அவங்கவங்கட இடத்தில இருத்தினம். மறுகா, "வெளிய வாங்க" எண்டன். மூண்டு பேர் எழும்பித்தான் அவர் வந்தார். ஒண்டும் பேசாம அவரே காலால நாலு மேசையையும் அழிச்சார்.

மேசை 12தான். பெடியங்கள் புதுசா ரெண்டு பேரை எடுக்கிறாங்க, ஆனா அவங்களுக்கு வேலை இரவில, நாங்க அஞ்சு மணிக்கு எழும்பினாப் பிறகு எங்கட மேசையில இருப்பாங்க. லாச்சி மட்டும் தனித்தனி. சாப்பாட்டு மேசை வடக்கு மூலைக்கு. உம்மா, எங்கட பிள்ளையிட்ட நானாப் போய்க் கேட்டன். இவ்வளவு நாளும் மதியம் பக்கத்துக் கடைக்குப் போய்த் தொழுதிட்டு வந்திருக்கிறா, எனக்குத் தெரியாது. பிரிண்டருக்குப் பின்னால இடம் ஒதுக்கிட்டம்.

கிழக்குச் சுவரில ஒரு யன்னல் வெட்ட வீட்டுக்காரர் ஓம் எண்டுட்டார். கடல்காத்து அந்தப் பக்கத்தாலதான் வரும். கல்முனை அண்ணா, 4 அடி அகலம் காணுமா, கூட்டோணுமா? வெள்ளிக்கிழமை ஓடாவியார் அளக்க வாறார்.