மொட்டைமாடி சோலார்: சென்னையில் எங்கே உதைக்கிறது? (மன்றப் பதிவுகள்; ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

கூரைக்கணக்கு
சோலார் சரியாக ஓடவில்லை என்று பார்க்கப் போகிற வீடுகளில் பேனல் கெட்டிருப்பது அபூர்வம். வயர், போல்ட், நிழல், எர்த்: கோளாறு இந்த நாலில் ஒன்றுதான். அவரவர் களத்தில் கண்டதை அளவோடு எழுதுங்க. கம்பெனி பேர் வேண்டாம், பஞ்சாயத்தாகிவிடும்.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். சென்னையில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். கார்த்திகை அடைமழையில் பாதிகூட வராது, பங்குனியில் கூடும். இரண்டு மாத பில்லுக்கு 700 யூனிட் ஓடும் வீட்டில் 3 கிலோவாட்டைத் தலையில் கட்டுகிறார்கள். 720 யூனிட் வரும், பில் பூஜ்யம் என்று சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். வலிப்பது மேல் அடுக்கு; 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்கில் இருந்த சலுகையும் கைவிட்டுப் போகும். 2 கிலோவாட் போட்டாலே 480 கழிந்து 220 மிஞ்சும். அதற்கு வரும் பில், குடும்பத்தோடு ஒருவேளை ஓட்டலில் சாப்பிடும் காசு.

மானியமும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 2024-இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, அதற்குமேல் கிடையாது. பேனலும் அதன் உள்ளிருக்கும் செல்லும் இந்தியத் தயாரிப்பாக இருக்கணும். டிசிஆர் பேனல் என்பார்கள். அந்த வார்த்தையைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்க. இரண்டாவது ஏசி வரப்போகுது, கரண்ட் வண்டி வாங்கப்போறோம் என்றால் 3 சரிதான்.

நிழல்மணி
மே மாதம் சர்வே எடுத்த மாடியில்தான் டிசம்பரில் நிழல் விழும். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள், ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து அடிக்கிறது, நிழலும் குட்டை. டிசம்பர் 21 வாக்கில் காலை 9 மணிக்கு எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல், வடமேற்காக நீளும். 4 அடி மேடையில் 5 அடித் தொட்டி நின்றால் 14 அடிக்குமேல் நிழல். பேனலை 8 அடி உயர்த்திவிட்டால் அந்த மட்டத்துக்குமேல் தெரிவது தொட்டியின் 1 அடி மட்டுமே. உயர்த்தினால் கீழே வடாம் காயப்போடவும் இடம் கிடைக்கும். வீட்டம்மா சம்மதிக்க இது ஒன்றே போதும்.

சாய்வு 10 முதல் 12 டிகிரி, தெற்கு பார்த்து. 5 டிகிரிக்குக் கீழே போனால் மழைத்தண்ணீர் கீழ்விளிம்பில் தேங்கி அழுக்குக் கோடு கட்டும். ஒரு பேனலுக்குள் மூன்று பைபாஸ் டயோடு (நிழல் பட்ட பகுதியைச் சுற்றி மின்சாரத்தை விடும் மாற்றுப்பாதை) உண்டு, பேனலின் மூன்றில் ஒரு பங்குக்கு ஒன்றாக. ஒரேயொரு செல்லில் காக்கா எச்சம் அடையாய் இருந்தால்கூட மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போகலாம்.

மின்பாதை
அதிகம் வரும் புகார்: "நல்ல வெயில், ஆனா 11 மணிக்குமேல இன்வெர்ட்டர் நின்னு நின்னு ஓடுது." ஆப்பில் உற்பத்திக் கோடு சீப்புப் பல்லாகத் தெரியும், 'ஓவர் வோல்டேஜ்' என்று வரும். இன்வெர்ட்டரை (பேனலின் டிசியை வீட்டு ஏசி மின்சாரமாக மாற்றும் பெட்டி) குறை சொல்லாதீங்க, வயரைப் பாருங்க.

5 கிலோவாட் இன்வெர்ட்டர் 230 வோல்ட்டில் 22 ஆம்பியர் தள்ளுகிறது. மாடியிலிருந்து மீட்டர்வரை 30 மீட்டர் என்றால் போக வர 60 மீட்டர். 4 சதுர மி.மீ. காப்பர் வயரில் அது 0.3 ஓம். 22-ஐ அதனால் பெருக்கினால் 6.6 வோல்ட். கரண்ட் வெளியே போவதால் இந்த வோல்ட் இன்வெர்ட்டர் முனையில் கூடும். மீட்டரில் 248 இருந்தால் மேலே 254-ஐத் தாண்டும். 253-இல் டிரிப் வைத்த இன்வெர்ட்டர் கழன்றுகொள்ளும். அதே தூரத்துக்கு 10 சதுர மி.மீ. போட்டால் 2.5 வோல்ட்தான் ஏறும்.

சிலர் வயரை மாற்றாமல் செட்டிங்கில் டிரிப் எல்லையை 270-க்கு ஏற்றிவிட்டுப் போகிறார்கள். ஃபிரிட்ஜ் போர்டும் எல்இடி பல்பும் போகத்தொடங்குவது அதற்கப்புறம்தான். மீட்டரிலேயே 250-க்கு மேல் நின்றால் ஞாயிறு மதியம் படமெடுத்து ஈபி பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்க. டிரான்ஸ்ஃபார்மர் டேப் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) மாற்றுவது அவர்கள் வேலை.

இன்னொன்று எம்சி4 கனெக்டர், பேனல் வயர்களை இணைக்கும் முனை. ஆண்முனை ஒரு பிராண்டு, பெண்முனை வேறு பிராண்டு. மாட்டும்போது 'டிக்' என்று உட்காரும், உள்ளே பிடிப்பு இருக்காது. முனையை வயரோடு அழுத்திப் பிடிக்கும் கிரிம்பிங் டூல் இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கியதும் இப்படித்தான், சூடேறி உருகும். 550 வாட் பேனல் ஆறு சேர்ந்தால் 300 வோல்ட் டிசி. டிசி பொறி தானாக அணையாது. கழற்ற வேண்டுமானால் முதலில் ஏசி, அடுத்து டிசி ஐசொலேட்டர் (துண்டிக்கும் சுவிட்ச்), கடைசியாகத்தான் கனெக்டர்.

எர்த் குழி மூன்று தனித்தனியாக: டிசி, ஏசி, இடிதாங்கி. இடிதாங்கியை ஏசி எர்த்தோடு முடிச்சுப்போட்ட மாடிகள் ஏராளம்.

உப்புக்காற்று
திருவான்மியூர், நீலாங்கரை, திருவொற்றியூர் பக்கம் இரும்பு சீக்கிரம் சொல்லிவிடும். பேனலைத் தாங்கும் கால்களுக்கு ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த பூச்சு), 80 மைக்ரான். அதுவும் தளத்தில் வந்து அறுத்து, துளை போட்டால் போச்சு. துரு அங்கிருந்துதான் கிளம்பும். வெட்டு முனையில் அன்றைக்கே ஜிங்க் பெயின்ட் இரண்டு கோட். போல்ட் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 கடலோரத்தில் பழுப்பேறும், 316 கேளுங்க. அலுமினிய ஃபிரேமில் செம்பு வயரை நேரடியாக முறுக்காதீங்க. டின் பூசிய லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வேண்டும்.

இப்போ காற்று. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875-இல் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. வர்தா புயல் அடித்தது 2016 டிசம்பரில், மறந்திருக்க மாட்டீங்க. மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன் அழுத்தம். 550 வாட் பேனல் கிட்டத்தட்ட 2.6 சதுர மீட்டர். ஏறக்குறைய 400 கிலோ விசை பேனலைத் தூக்கப் பார்க்கும். சாய்வு, உயரம், மூலையா நடுவா என்பதைப் பொறுத்துக் கூடும் குறையும். பேனலின் எடையோ 28 கிலோ. 30 செ.மீ. கனசதுரக் கான்கிரீட் கட்டை 65 கிலோ. ஆறு கட்டை வைத்தால் ஒரு பேனலுக்குத்தான் கணக்கு நேராகும்! எனவே உயரமான ஸ்ட்ரக்சரின் கால்கள் தூண், பீம் மேல் விழணும், கெமிக்கல் ஆங்கரால் (துளையில் பசை ஊற்றி இறுக்கும் போல்ட்) கான்கிரீட்டோடு பிடிக்கணும். துளை, தட்டோடும் சுண்ணாம்பு ஜல்லியும் தாண்டிக் கான்கிரீட்வரை போகணும். சுற்றிலும் வாட்டர்ப்ரூஃப் கிரவுட் (தண்ணீர் புகாத அடைப்புக் கலவை). அதை விட்டால் அடுத்த ஐப்பசியில் ஹால் சீலிங்கில் ஈரம்.

புதுசு
கரண்ட் போனா சோலாரும் ஏன் சார் நிக்குது? வெயில்தான் அடிக்குதே?

ஏரிக்கரை
லைனில் வேலை செய்யும் வயர்மேன் உயிருக்காகத்தாங்க. லைன் செத்ததும் ஆன்கிரிட் (ஈபி லைனோடு சேர்ந்து ஓடும்) இன்வெர்ட்டர் தானே நின்றுவிடணும் என்பது விதி. மிக்ஜாம் புயல் மாதிரி நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது வெறும் ஆன்கிரிட்டால் பயனில்லை. அதற்கு ஹைபிரிட் (ஈபி இல்லாமலும் பேட்டரியோடு ஓடும்) இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். 5 யூனிட் லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் 4.5 யூனிட் எடுக்கலாம். ராத்திரிக்கு மூன்று பிஎல்டிசி (கரண்ட் குறைவாக இழுக்கும்) ஃபேன் 0.9, ஃபிரிட்ஜ் 0.6, விளக்கும் வைஃபையும் 0.3, இரண்டு ராத்திரி தாங்கும். 1 எச்பி மோட்டாரை மட்டும் இதில் கோக்காதீங்க. கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும், 3 கிலோவாட் இன்வெர்ட்டர் விழுந்துவிடும்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் பேட்டரியைப் போர்ட்டிகோவில் வைப்பது தண்ணீருக்கு அழைப்பு வைப்பது மாதிரி. மாடிப்படி அறைக்குள் வையுங்க, வெயில் படாத சுவரில், காற்றோட்டத்தோடு.

கூரைக்கணக்கு
ஃபேன் பேச்சு வந்ததால் ஒன்று. சாதா ஃபேன் 75 வாட், பிஎல்டிசி 30. ஐந்து ஃபேன் 12 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 2.7 யூனிட் மிச்சம். 675 வாட் சோலாருக்குச் சமம், அதுவும் சோலார் தூங்கும் ராத்திரியில். ஒரு யூனிட்டுக்கு நம் நாட்டு மின்சாரத்தில் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. வள்ளூர் அனல்மின் நிலையத்தில் எரியும் கரியை முதலில் குறைப்பது மாடியில்லை, உத்தரத்தில் தொங்கும் ஃபேன்தான்.

புதுசு
பேனல் கழுவ ஆர்ஓ வேஸ்ட் தண்ணி ஊத்தலாமா?

நிழல்மணி
கூடவே கூடாது. உப்பெல்லாம் அதில்தான் இருக்கு, கண்ணாடியில் வெள்ளைப் படலம் கட்டும். போர் தண்ணியும் அப்படித்தான். மெட்ரோ வாட்டர், காலை 7 மணிக்குள், மெத்துத் துணி. சோப்பு வேண்டாம். மெட்ரோ ரயில் வேலை நடக்கும் தெருவென்றால் வாரம் ஒருமுறை, மற்ற இடத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.