என்ட்ரென்ச்ட் மியாண்டர்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம். நம் சொற்பட்டியலுக்காக என்ட்ரென்ச்ட் மியாண்டர் (entrenched meander) என்ற நிலவியல் சொல்லுக்குத் தமிழ் தேடுகிறோம். வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> "பள்ளத்தாக்கு வளைவு" போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் போதாது. பள்ளத்தாக்கில் எந்த ஆறும் வளையலாம். நாம் பேசுவது பாறைக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்ட வளைவைப் பற்றி. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் வறண்ட நிலத்தில் ஓடும் சான் ஹுவான் ஆற்றின் பழைய நிலப்படத்தைப் பாருங்கள். கூஸ்நெக்ஸ் என்ற இடத்தில் ஆறு மடங்கி மடங்கிச் சுமார் 10 கிலோமீட்டர் ஓடுகிறது. மேற்கே நகர்ந்திருப்பதோ 2.4 கிலோமீட்டர்தான். அந்த வளைவுகள், ஆறு ஏறக்குறையச் சமதளத்தில் மெதுவாக ஓடிய காலத்தவை. பிறகு கொலராடோ பீடபூமி உயர்ந்தது. ஆறு பழைய தடத்திலேயே பாறையை அறுத்துக்கொண்டு இறங்கியது. இன்று ஆழம் சுமார் 1,000 அடி.

ஆகவே சொல்லில் வளைவும் வேண்டும், தோண்டி இறங்கியதும் வேண்டும். என் பரிந்துரை அகழ்வளைவு. வினைத்தொகை என்பதால் அகழ்ந்த, அகழ்கின்ற, அகழும் என மூன்று காலமும் அதற்குள்ளேயே அடங்கும். ஆறு இன்னும் அறுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதனாலேயே எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடித்திருக்கிறது. அகழி தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

> "ஆழ்வளைவு" இன்னும் சுருக்கம் இல்லையா?

சுருக்கம்தான். ஆனால் கேட்பவர் அந்த வளைவில் தண்ணீர் ஆழம் என்று எடுத்துக்கொள்வார்.

அப்புறம், இதன் உறவுச் சொல்லையும் சேர்த்தே முடிவு செய்துவிடலாம். இறங்கும்போதே ஆறு பக்கவாட்டிலும் அரித்தால் வெளிக்கரை செங்குத்தாகவும் உட்கரை சரிவாகவும் அமையும். இது இன்க்ரோன் மியாண்டர் (ingrown meander). நிலப்படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை சம உயரக் கோடுகள். அகழ்வளைவில் அவை இரு கரையிலும் நெருங்கி நிற்கும். இன்க்ரோன் வளைவில் உட்கரையில் மட்டும் விலகிப் பரவும். "சரிவளைவு" என்றால் சரியான வளைவு என்று படித்துவிடுவார்கள். "சரிகரை வளைவு" எனலாமா? இதைவிட நல்லது தோன்றினால் சொல்லுங்கள்.

சொற்பட்டியலில் படம் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பகுதிக்கான 1880களின் 1:2,50,000 அளவு நிலப்படத் தாள்கள் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அவற்றில் கோட்டுக்குக் கோடு உயர வேறுபாடு 250 அடி. 1,000 அடிச் சுவருக்கு நாலே கோடுகள்தான் விழும். இரண்டு வகைக்கும் வேறுபாடு தெரியாது. பின்னால் வந்த, இன்னும் விரிவான 1:24,000 தாளிலிருந்து எடுங்கள்.